சொன்னது போய்ச் சேரவில்லையா? வேலையிடப் பேச்சில் பழுது பார்க்கும் வழி

ஒரு மோட்டார் ஓடவில்லை என்றால் எடுத்தவுடன் யாரும் அதைக் கழற்ற மாட்டார்கள். கரண்ட் வருகிறதா, ஃப்யூஸ் போயிருக்கிறதா, ஓவர்லோடு ரிலே விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காயில் எரிந்துவிட்டது என்ற முடிவுக்குக் கடைசியில்தான் வருவோம். ஆனால் வேலையிடத்தில் ஒரு தகவல் போய்ச் சேரவில்லை என்றால் நேராக ஆளைப் பிடித்துவிடுகிறோம். "அவருக்கு கம்யூனிகேஷன் சரியில்லை" என்று முடிவு கட்டி, இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்புகிறோம். அங்கே கண்ணைப் பார்த்துப் பேசவும் தெளிவாக உச்சரிக்கவும் சொல்லித்தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் பழுது வேறு இடத்தில் இருந்தால் அது அப்படியே இருக்கும்.

கோவைப் பக்கம் பம்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் சூப்பர்வைசராகத் தொடங்கி, உற்பத்திப் பொறுப்பு வரை இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். நான் பார்த்த குளறுபடிகளில் பாதிக்கு மேல், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் நடுவே நடந்தவை. சொன்னதை எதிரில் இருந்தவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று யாரும் திரும்பிக் கேட்கவில்லை. அவ்வளவுதான் காரணம். அதனால் நான் எப்போதும் பின்னாலிருந்து முன்னால் சோதிப்பேன். முதலில், பதில் என்ன வந்தது? அப்புறம், கேட்டவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? அப்புறம் சொன்ன வழி: நேரிலா, போனிலா, வாட்ஸ்அப்பிலா? அதற்கும் பிறகுதான் சொன்ன சொற்கள். சொன்ன ஆளின் திறமையைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் இடத்தில் தெரியும் அறிகுறியைப் பார்த்து அங்கே போங்கள்.

அறிகுறி: "சரிங்க" என்றார், ஆனால் வேலை வேறு மாதிரி நடந்திருக்கிறது

முதல் சோதனை: அந்தச் "சரிங்க"வுக்கு என்ன பொருள்? நம் பேச்சில் "சரி" என்ற ஒரு சொல் குறைந்தது நான்கு வேலை செய்கிறது. காதில் விழுந்தது என்பதற்கும் சரி. புரிந்தது என்பதற்கும் சரி. ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கும் சரி. இப்போது என்னை விடுங்கள் என்பதற்கும் சரி. "ம்", "ஆகட்டும்", "பார்த்துக்கலாம்" எல்லாம் இதே கதைதான். சொன்னவர் இரண்டாவது பொருளில் எடுத்துக்கொள்வார், கேட்டவர் நான்காவது பொருளில் சொல்லியிருப்பார்.

இந்தக் குழப்பத்துக்கு உலகம் கொடுத்த மிகப் பெரிய விலை 1977 மார்ச் 27 அன்று நடந்தது. கேனரித் தீவுகளில் உள்ள டெனெரிஃபேயின் லோஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஓடுபாதையில் நின்ற கேஎல்எம் விமானத்திலிருந்து, கிளம்புகிறோம் என்றும் கிளம்பும் இடத்தில் நிற்கிறோம் என்றும் இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வாக்கியம் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் "ஓகே" என்று சொல்லிவிட்டு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்று சேர்த்தார். அதே நேரத்தில் இன்னொரு விமானமும் பேசியதால் "ஓகே"வுக்குப் பின்னால் வந்தது விமானி அறையில் தெளிவாகக் கேட்கவில்லை. கிளம்பிய கேஎல்எம் விமானம், அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் விமானத்தின் மேல் மோதியது. 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வானொலிப் பேச்சு விதிகள் இறுகின. புறப்படும் அனுமதி கொடுக்கும்போதோ ரத்து செய்யும்போதோ தவிர வேறு எந்த இடத்திலும் "டேக் ஆஃப்" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அனுமதியை விமானி அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். "ஓகே" என்பது பதிலாக ஏற்கப்படாது.

நம் இடத்தில் உயிர் போகாமல் இருக்கலாம். ஆனால் பழுது அதேதான், மருந்தும் அதேதான்: திரும்பச் சொல்ல வைப்பது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. "நான் சொன்னதைத் திரும்பச் சொல்லு" என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்திய மாதிரி இருக்கும். வயதில் மூத்த ஆபரேட்டரிடம் அப்படிக் கேட்கவே முடியாது. நான் பழகிக்கொண்ட கேள்வி இது: "அண்ணா, இதை எங்க ஆரம்பிக்கப் போறீங்க?" அல்லது, "முதல் பீஸ் எப்ப ரெடியாகும், அதுல என்ன பார்க்கணும்?" அவர் பதில் சொல்லும்போதே புரிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். இன்னொரு வழி, பொறுப்பை நம் பக்கம் எடுத்துக்கொள்வது: "நான் எல்லாத்தையும் சொன்னேனான்னு சந்தேகமா இருக்கு, நீங்க ஒரு தடவை சொல்லுங்க." யாருக்கும் சங்கடம் இல்லை.

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். அதற்கு "ஆமாங்க" தவிர வேறு பதில் வராது.

இரண்டாவது சோதனை: நாம் விளக்கமாகச் சொன்னோம் என்று நினைப்பது உண்மையா? 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு எளிய சோதனை செய்தார். ஒருவர் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும், மற்றவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள், பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் 3 மட்டுமே சரியாகச் சொல்லப்பட்டன. தட்டுபவரின் தலைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது. கேட்பவருக்கு டக், டக் என்ற ஓசை மட்டும்தான். "அந்த லாட்டை முடிச்சுட்டு இதை ஏத்திடுங்க" என்று நான் சொல்லும்போது எந்த லாட் (ஒரு தொகுதி பீஸ்கள்), எது என்பதெல்லாம் என் தலைக்குள் ஓடும் பாட்டு. எனவே "அந்த", "இந்த", "அது", "வழக்கம் போல" என்ற சொற்கள் வாயில் வந்தால் அங்கேயே நிறுத்தி, லாட் எண்ணையும் மெஷின் எண்ணையும் சொல்லுங்கள்.

அறிகுறி: ஷிஃப்ட் மாறும்போது விஷயம் விடுபட்டுப் போகிறது

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நான் செய்த பெரிய தவறும் இங்கேதான்.

ஒரு பம்ப் பாடியின் டிராயிங்கில் துளை அளவு 52 மில்லிமீட்டரிலிருந்து 51.5 ஆகக் குறைந்திருந்தது. மதியம் தகவல் வந்தது. சாயங்காலம் அடுத்த ஷிஃப்ட் சூப்பர்வைசர் கார்டு பஞ்ச் செய்துகொண்டிருந்தபோது, நான் பையை மாட்டிக்கொண்டே, "பாடியில ரெவிஷன் வந்திருக்கு, பார்த்துக்கங்க" என்றேன். "சரிங்க" என்றார். அவர் பழைய டிராயிங்கைத்தான் பார்த்துக்கொண்டார், ஏனென்றால் புதியது என் மேசை டிராயரில் இருந்தது. காலையில் வந்தபோது 140 பாடிகள் 52-ல் குடையப்பட்டு அடுக்கி இருந்தன. சிறிதாகக் குடைந்ததைப் பெரிதாக்கலாம், பெரிதாகக் குடைந்ததைச் சிறிதாக்க முடியாது. அத்தனையும் உருக்கப் போனது. விசாரணையில், "சொன்னேன்" என்றேன் நான். அது உண்மை. "சொல்லவில்லை" என்றார் அவர். அதுவும் உண்மைதான் என்று புரிய எனக்குச் சில வருடம் ஆனது.

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்ததிலும் இதே பழுது இருக்கிறது. அங்கே இரண்டு பம்புகளில் ஒன்று பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பாதுகாப்பு வால்வைத் தனியாகக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். அந்த இடத்தைத் தற்காலிகமாக ஒரு தகட்டால் மூடியிருந்தார்கள். பம்புக்கு ஒரு வேலை அனுமதிச் சீட்டு, வால்வுக்கு இன்னொரு சீட்டு. ஷிஃப்ட் மாறியபோது வால்வு இல்லை என்ற செய்தி இரவு ஆட்களிடம் போய்ச் சேரவில்லை. இரவில் ஓடிக்கொண்டிருந்த பம்ப் நின்றுபோனதும், நிறுத்திவைத்திருந்ததை ஓட்டினார்கள். மூடிய தகட்டின் வழியே வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். லார்டு கல்லன் தலைமையிலான விசாரணை 1990-ல் 106 பரிந்துரைகளைக் கொடுத்தது. எனக்கு அதில் உறைத்த விஷயம், சீட்டு எழுதப்பட்டே இருந்தது என்பதுதான். எழுதியது இருந்தும், தேவைப்பட்டவரின் கண்ணில் படவில்லை.

உங்கள் இடத்தில் சோதிக்க வேண்டியவை இவை.

இரண்டு ஷிஃப்டும் சந்திக்க நேரம் இருக்கிறதா? முதல் ஷிஃப்ட் 2 மணிக்கு முடிந்து இரண்டாவது 2 மணிக்கே தொடங்கினால், பேச நேரம் பூஜ்யம். பத்து நிமிடமாவது ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்குச் சம்பளம் கொடுக்க நிர்வாகம் யோசிக்கும். ஒரு மாத ரிஜெக்‌ஷன் கணக்கில் ஷிஃப்ட் மாறிய முதல் ஒரு மணி நேரத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். எங்களிடம் அந்தக் கணக்குதான் வேலை செய்தது.

எங்கே நின்று பேசுகிறார்கள்? கேட்டருகில் நின்று பேசினால் பாதி மறக்கும். மெஷினுக்கு முன்னால் நின்று பேசுங்கள். சிவப்பு டேக் மாட்டிய வால்வையும், ஓரமாக வைத்த பெட்டியையும் கண்ணால் பார்த்துக்கொண்டு சொன்னால், சொல்ல மறந்தது தானாக நினைவுக்கு வரும்.

லாக் புக்கில் என்ன எழுதுகிறார்கள்? "நார்மல்", "ஓகே", "ஷிஃப்ட் ஸ்மூத்" என்று பக்கம் பக்கமாக இருந்தால், அது கையெழுத்து வாங்கும் நோட்டு, அவ்வளவே. நாங்கள் அதை மூன்று கேள்வியாக மாற்றினோம். வழக்கத்துக்கு மாறாக இப்போது என்ன இருக்கிறது? பாதியில் நிற்பது எது? அடுத்தவர் எதைத் தொடக் கூடாது? மூன்றாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். பைப்பர் ஆல்ஃபாவில் பதில் கிடைக்காமல் போன கேள்வி அது.

கடைசியாக, வாங்கிக்கொள்பவர் வாயைத் திறக்கிறாரா? மருத்துவமனைகளில் ஐ-பாஸ் என்று ஒரு கைமாற்று முறை உண்டு. அதன் கடைசிப் படி, பொறுப்பை வாங்கிக்கொள்ளும் மருத்துவர் தான் கேட்டதைச் சுருக்கித் திரும்பச் சொல்வது. வட அமெரிக்காவில் 9 குழந்தைகள் மருத்துவமனைகளில் இதைப் பயிற்சியோடு கொண்டுவந்தபோது மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. எழுதிய தாளும் வாய்ப் பேச்சும் இரண்டும் வேண்டும், வாங்குபவரின் பேச்சும் வேண்டும். இதில் ஒன்றை விட்டால் மற்றவை நொண்டும்.

அறிகுறி: எண், எழுத்து, தேதி மாறிப்போகிறது

இது கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டாதீர்கள். சத்தத்தில் தொண்ணூறும் தொள்ளாயிரமும் ஒன்றாகக் கேட்கும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அமைதியான அறையிலேயே ஒன்றாகக் கேட்கும். விமானிகள் திசை எண்ணை ஒவ்வோர் இலக்கமாகத்தான் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்லலாம்: "ஒன்று ஐந்து, பதினஞ்சு பீஸ்."

தமிழில் எழுதும் லாக் புக்கில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஆங்கில எழுத்து வரிசையில் 2-ஆவது எழுத்தையும் 16-ஆவது எழுத்தையும் நாம் "பி" என்றுதான் எழுதுகிறோம். 4-ஆவதையும் 20-ஆவதையும் "டி" என்கிறோம். "பி 12 ரேக்கில் இருக்கிறது" என்று எழுதினால் எந்த ரேக்? போனில் சொல்லும்போதும் இதே தொல்லை. விமானத் துறை 1956 முதல் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெயர் வைத்துப் பேசுகிறது. அது நம் வாயில் ஒட்டவில்லை என்றால் "பாம்பே பி", "பாரிஸ் பி", "டெல்லி டி", "டோக்கியோ டி" போதும். ரேக்கின் மேலேயே அந்தப் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

தேதியில் இரண்டு பொறிகள். "வியாழனுக்குள்" என்றால் புதன் சாயங்காலமா, வியாழன் சாயங்காலமா? வாங்குபவர் முதலாவதாக நினைப்பார், கொடுப்பவர் இரண்டாவதாக நினைப்பார். "வியாழன் மாலை 4 மணிக்கு டிஸ்பேட்ச் வண்டி ஏற வேண்டும்" என்று சொல்லுங்கள். இன்னொன்று நடு இரவு. 16-ஆம் தேதி இரவு 12 மணி என்றால் எந்த இரவு? ரயில் டிக்கெட்டில் 00:10 என்று போட்டிருக்கும் வண்டிக்கு ஒரு நாள் தாமதமாகப் போய் நின்ற குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. இரவு ஷிஃப்ட் உள்ள இடத்தில் "15-ஆம் தேதி இரவு ஷிஃப்ட்" என்று ஷிஃப்ட் தொடங்கும் தேதியை வைத்தே எல்லாரும் பேச வேண்டும் என்று ஒரு முறை முடிவு செய்தால் போதும்.

அறிகுறி: பிரச்சினை கடைசி நிமிடத்தில்தான் மேலே தெரிகிறது

இதற்கு இரண்டு முனை உண்டு. எந்த முனையில் பழுது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

கீழ் முனை: சொன்னார், ஆனால் மென்மையாகச் சொன்னார். "சார், மூணாவது லேத் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு. பார்த்தா தேவலை." கேட்டவருக்கு இதில் அவசரம் எதுவும் தெரியாது. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே அவியாங்கா 52 விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. காத்திருக்க வைக்கப்பட்டபோது, முன்னுரிமை வேண்டும் என்று விமானத்திலிருந்து சொன்னார்கள், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னார்கள். ஆனால் எல்லாரையும் ஒதுக்கி வழிவிட வைக்கும் "எமர்ஜென்சி" என்ற சொல்லைச் சொல்லவில்லை. 73 பேர் இறந்தார்கள். பெரியவர்களிடம் பதமாகப் பேச வேண்டும் என்று வளர்ந்த நமக்கு அந்த விமானியின் தயக்கம் நன்றாகவே புரியும். மரியாதையைக் குரலில் வையுங்கள், தகவலைக் குறைக்காதீர்கள்.

இதைச் சொல்ல ஒரு வரிசை முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிகளில் பிறந்து, பிறகு மருத்துவமனைகளில் பரவியது. நான்கு வரி: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என்ன வேண்டும். எங்கள் பையன்களுக்கு அதை இப்படிச் சொல்லிக் கொடுத்தேன்:

"சார், மூணாவது லேத்துல அரை மணி நேரமா அளவு ஓடுது. காலையில இன்சர்ட் மாத்தினோம், அப்பவும் நிக்கலை. ஸ்பிண்டில் பேரிங் போயிருக்கும்னு நினைக்கிறேன். மெயின்டனன்ஸ் ஆளை இப்ப அனுப்புங்க, அதுவரைக்கும் மெஷினை நிறுத்தி வைக்கிறேன்."

கடைசி வரிதான் பலருக்கு வாயில் வராது. தன் கணிப்பைச் சொல்வதும், மேலதிகாரியிடம் இது வேண்டும் என்று கேட்பதும் அதிகப்பிரசங்கித்தனம் என்று பயம். பழகினால் வந்துவிடும். ஒரு தாளில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டி, முதல் வாரம் அதைப் பார்த்தே படிக்கச் சொல்லுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மேல் முனை: சொன்னவருக்குப் போன முறை என்ன கிடைத்தது? இதை மேலதிகாரிகள் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கெட்ட செய்தி கொண்டுவந்தவரிடம் உங்கள் முதல் வாக்கியம் "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று இருந்தால், அடுத்த செய்தி இன்னும் தாமதமாகத்தான் வரும். டொயோட்டா தொழிற்சாலைகளில் ஆண்டான் கயிறு என்று ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். இழுத்தவுடன் டீம் லீடர் ஓடி வந்து என்ன என்று பார்ப்பார். வண்டி லைனில் குறித்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடியவில்லை என்றால்தான் லைன் நிற்கும். இழுத்தவர் மேல் பழி இல்லை. கயிறு வாங்கி மாட்டுவது சுலபம். இழுத்த ஆளிடம் முகம் சுளிக்காமல் போய் நிற்பதற்குத்தான் மாதக்கணக்கில் பழக வேண்டும்.

"என் பகுதியில் எந்தப் புகாரும் வருவதில்லை" என்று ஒரு மேனேஜர் சந்தோஷப்பட்டால் நான் கவலைப்படுவேன். ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் மருத்துவமனைப் பிரிவுகளில் செய்து 1996-ல் வெளியிட்ட ஆய்வில், நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் பதிவான மருந்துத் தவறுகள் அதிகமாக இருந்தன. அங்கே தவறைச் சொல்லப் பயப்படவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம்.

சரிபார்க்கும் வழி: பிரச்சினை முதலில் தெரிந்த நேரத்தையும், உங்கள் காதுக்கு வந்த நேரத்தையும் ஒரு மாதம் குறித்து வையுங்கள். இடைவெளி குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், யாரும் செய்யவில்லை

குழுவில் 40 பேர். "மெட்டீரியல் ஷார்ட்டேஜ், உடனே கவனிக்கவும்" என்று போட்டால் 40 பேரும் மற்ற 39 பேர் கவனிப்பார்கள் என்று இருப்பார்கள். நம் எழுத்துத் தமிழும் இதற்குத் துணை போகிறது. "கவனிக்கப்பட வேண்டும்", "சரிசெய்யப்படும்" என்று எழுதினால் செய்பவர் யார் என்றே வாக்கியத்தில் இருக்காது. பெயர், வேலை, நேரம் மூன்றும் ஒரே வரியில் வரட்டும்: "ஸ்டோர்ஸ் அண்ணா, 6204 பேரிங் 20 எண்ணம், 3 மணிக்குள் அசெம்பிளிக்கு வேண்டும். கிடைக்காது என்றால் 1 மணிக்குள் எனக்குப் போன்." நீல டிக் வந்தால் திரையில் திறந்தார் என்று பொருள், அதற்கு மேல் எதுவும் இல்லை. கட்டை விரல் படம் போட்டாலும் அதே "சரிங்க" தான்.

காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்தும் அதே குழுவில் வந்தால், வேலைச் செய்தி மூன்று திரைக்கு மேலே போய்விடும். வாழ்த்துக்குத் தனிக் குழு வையுங்கள். வாழ்த்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், அது வேண்டும்.

ஆபத்தான விஷயத்தையும், இன்றைக்கே முடிய வேண்டியதையும் குழுவில் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. போனை எடுத்துப் பேசிவிட்டு, அப்புறம் பதிவுக்காகக் குழுவில் போடுங்கள்.

அறிகுறி: சாதாரணமாக எழுதிய மெயிலுக்குக் கோபமாகப் பதில் வருகிறது

எழுதும்போது நம் காதில் நம் குரல் கேட்கிறது. படிப்பவர் காதில் அவர் நமக்கு வைத்திருக்கும் குரல் கேட்கும். ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் கிண்டலாக எழுதினோமா நிஜமாக எழுதினோமா என்பதைப் படிப்பவர்கள் 78 சதவீதம் சரியாகப் பிடிப்பார்கள் என்று மெயில் எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் பிடித்தது 56 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும்.

மருந்து மூன்று. ஒன்று, தவறைச் சுட்டும் செய்தியை எழுதாதீர்கள், பேசுங்கள். இரண்டு, கோபத்தில் எழுதியதை டிராஃப்டில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து படியுங்கள். மூன்று, எடுத்தவுடன் மேலதிகாரியை சிசியில் போடாதீர்கள். சிசியில் பெரியவர் பெயரைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் பிரச்சினையை விட்டுவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்குவார். அதற்குப் பிறகு அந்தச் சங்கிலியில் எந்த வேலையும் நடக்காது.

அறிகுறி: மீட்டிங்கில் ஒருவரே பேசுகிறார்

பெரியவர் முதலில் கருத்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் அதோடு முடிந்தது. இளையவரிடமிருந்து தொடங்கி, பெரியவர் கடைசியில் பேசட்டும். வேறு மாற்றம் தேவைப்படாது.

அறிகுறி: வட மாநிலத் தொழிலாளி தலையாட்டுகிறார், ஆனால் புரியவில்லை

கோவையிலும் திருப்பூரிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தம்பிகள் இல்லாத தொழிற்சாலை அரிது. அவர்களிடம் சத்தமாகத் தமிழ் பேசினால் புரிந்துவிடாது. முதலில், அவருக்கு எந்த மொழி என்று கேளுங்கள். ஒடிசாக்காரர் எல்லாருக்கும் இந்தி சரளமாக வரும் என்று நினைக்கக் கூடாது. அப்புறம், செய்து காட்டி, அவரைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். நல்ல பீஸ் ஒன்று, கெட்ட பீஸ் ஒன்று, கெட்ட இடத்தில் பெயிண்டால் வட்டம் போட்டு மெஷின் மேல் வையுங்கள். அது எல்லா மொழியிலும் பேசும். "நிறுத்து", "ஆபத்து", "கையை எடு", "கூப்பிடு" போன்ற பத்துச் சொற்களைச் சூப்பர்வைசர்கள் அவர் மொழியில் கற்றுக்கொள்ள வேண்டும். அவசரத்தில் அவர் நம் மொழியை யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

குழுவில் தமிழ் தெரிந்த ஒரு தம்பி எல்லாருக்கும் மொழிபெயர்ப்பாளராக இருப்பார். அவர் லீவு போடும் நாளில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை கவனியுங்கள். உங்கள் ஏற்பாட்டின் உண்மையான பலம் அன்றைக்குத் தெரியும்.

அறிகுறி: விஷயம் தெரிந்தவர் ஆங்கிலத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்

வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வரும்போது இருபது வருட அனுபவம் உள்ள ஃபவுண்டரி ஃபோர்மேன் பின்னால் நிற்பார். ஆங்கிலம் தெரிந்த புதுப் பையன் முன்னால் நின்று தவறான பதில் சொல்வான். இது என்னை எப்போதும் வருத்துகிற காட்சி. ஃபோர்மேன் தமிழில் சொல்லட்டும், பையன் அதை ஆங்கிலத்தில் சொல்லட்டும். அதைக் குறைவாக நினைக்க ஒன்றுமே இல்லை. உள் மீட்டிங்குகளைத் தமிழிலேயே நடத்துங்கள். ஸ்பிண்டில், டாலரன்ஸ், ரன் அவுட் எல்லாம் தமிழ் வாக்கியத்துக்குள் நன்றாகவே உட்காரும்.

ஆங்கிலம் கற்க விரும்புபவருக்குக் கட்டாயம் உதவுங்கள். ஆனால் தன் வேலையில் தினமும் தேவைப்படும் ஐம்பது வாக்கியங்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இலக்கணப் புத்தகத்தின் முதல் பாடத்தில் தொடங்கியவர்கள் மூன்றாம் பாடத்தில் நிறுத்தியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால்

அப்போது அது பேச்சுப் பழுதாக இல்லாமல் இருக்கலாம். மூன்று பேர் வேலையை ஒருவர் செய்துகொண்டிருந்தால் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் விடுபடும். அங்கே ஆள் போட வேண்டும். இரண்டு துறைகளுக்கு எதிரெதிரான இலக்கு கொடுத்திருந்தால், உற்பத்திக்கு எண்ணிக்கையும் தரச் சோதனை செய்யும் கியூசிக்கு ரிஜெக்‌ஷனும் என்று பிரித்திருந்தால், அவர்கள் நடுவே தகவல் மறைக்கப்படத்தான் செய்யும். அங்கே இலக்கை மாற்ற வேண்டும்.

எங்களிடம் ஒரு மூத்த ஆபரேட்டர் இருந்தார். எதைக் கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் பதில். ஷிஃப்ட் கைமாற்றில் பேசவே மாட்டார். இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் அவரிடம் செய்து பார்த்தேன், எதுவும் அசையவில்லை. ஒரு நாள் கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏதாவது மனசுல இருக்குதுங்களாண்ணா?" என்று கேட்டேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவர் சொன்ன ஒரு ஜிக் (பீஸைப் பிடித்து வைக்கும் சாதனம்) மாற்றத்தை வேறொருவர் பெயரில் பரிந்துரைப் பலகையில் எழுதி, பரிசும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது. பதிவுகளை எடுத்துப் பார்த்து, அடுத்த மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பெயரைத் திருத்தினோம். அதற்கு அடுத்த வாரம் அவர் ஷிஃப்ட் முடிந்ததும் என் மேசைக்கு வந்து, "அஞ்சாவது மெஷின் சக்குல லேசா விரிசல் மாதிரி தெரியுது, நாளைக்குக் காலையில ஓட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா பார்த்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.